பிரிவு மாறுவதா, பொறுத்திருப்பதா? செவிலியப் பணியின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிய ஆய்வு

பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம். படிப்போ முடித்து வேலைக்குச் சேரும் ஒருவருக்கு முதல் வார்டு பெரும்பாலும் அவர் கேட்டு வாங்கியதாக இருப்பதில்லை. ஐசியூவில் ஆள் குறைவென்றால் ஐசியூ, டயாலிசிஸ் யூனிட்டில் இடம் காலியென்றால் டயாலிசிஸ். சில மாதங்கள் கழிந்ததும் அந்தக் கேள்வி வந்துவிடுகிறது: இதே பிரிவில் இருப்பதா, மாற்றம் கேட்பதா? மூத்த சிஸ்டர்களிடமும் வீட்டாரிடமும் இதற்கு ஆயத்தமான விடைகள் உண்டு. “ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கையில வரட்டும்” என்பார் ஒருவர். “மாறணும்னா இப்பவே மாறிடு, வயசு போனா யாரும் சேத்துக்க மாட்டாங்க” என்பார் இன்னொருவர்.

இரண்டு அறிவுரைகளுக்கும் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆய்வு மரபுகள் இருக்கின்றன. ஆனால் வார்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஆய்வுகளின் நிபந்தனைகள் உதிர்ந்துபோய், விதி மட்டும் மிஞ்சுகிறது. அந்த நிலைப்பாடுகள் எங்கிருந்து வந்தன, எதுவரை செல்லும், எங்கே நொண்டுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பிரிவுகள் வந்த பிறகே கேள்வியும் வந்தது

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, செவிலியர் எல்லா வார்டுக்கும் உரியவர் என்பதே அடிப்படை. பயிற்சி மாணவிகள் வார்டு வார்டாக மாறிப் படித்தார்கள். மருத்துவமனையின் அன்றாட வேலையில் பெரும்பகுதியைச் சுமந்தவர்களும் அவர்களே. பிரிட்டிஷ் ஆட்சி சென்ற இடமெல்லாம் இந்த ஏற்பாடு சென்றது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இன்றும் நடக்கும் வார்டு சுழற்சி அந்த மரபின் தொடர்ச்சிதான்.

அந்தச் சுழற்சியை முதலில் கூர்ந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ். லண்டன் போதனா மருத்துவமனை ஒன்றில் செய்த ஆய்வை 1960 வாக்கில் வெளியிட்டார். மாணவிகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுவது நிர்வாக வசதிக்காக மட்டும் நடக்கவில்லை, நோயாளியோடு நெருக்கம் வளர்ந்தால் வரக்கூடிய மனவேதனையைத் தள்ளிப்போட நிறுவனம் தனக்கே அறியாமல் கட்டிய அரண் அது என்பது அவர் வாதம். அந்த அரணே புதிய வேதனையாகவும் ஆனது. மாணவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பயிற்சியை முடிக்காமல் விலகினர். ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். மென்சீஸ் கண்டது திணிக்கப்பட்ட மாற்றம். தானே கேட்டுப் பெறும் மாற்றத்துக்கு அந்த முடிவை அப்படியே நீட்டிவிட முடியாது.

சிறப்புப் பிரிவுகள் பிறந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டு, மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே பலூனை அழுத்தி மூச்சு கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்த மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் அடுத்த ஆண்டு ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1960-களில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்தன. மருத்துவர் வந்து சேரும்வரை காத்திராமல் இசிஜி தாளைப் படித்து, தேவையானால் மின்னதிர்ச்சி கொடுக்கும் பொறுப்பு செவிலியரிடம் வந்தது. 1969-இல் அமெரிக்காவில் இதயப் பிரிவுச் செவிலியருக்கெனத் தோன்றிய சங்கம் பின்னர் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கமாக விரிந்து, 1976-இல் தனிச் சான்றிதழ்த் தேர்வையும் தொடங்கியது. அதற்கு முன்பே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹில்டகார்ட் பெப்லாவ் மனநலச் செவிலியத்துக்கு மேற்படிப்பை அமைத்திருந்தார். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் தொடங்கியபோது வலி நிவாரணப் பராமரிப்பும் தனித் துறையானது. அதை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் செவிலியராகப் பயிற்சி பெற்று, முதுகுவலியால் அதை விட்டு மருத்துவ சமூகப் பணிக்குப் போய், பிறகு மருத்துவம் படித்தவர்.

கிளைகள் பிரிந்ததும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் போனது. பிரிட்டனில் மாணவர் படிப்பில் சேரும்போதே பெரியவர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார். பதிவும் அந்தப் பெயரிலேயே. ஜெர்மனி எதிர்த்திசையில் போனது. பொதுச் செவிலியம், குழந்தைச் செவிலியம், முதியோர் பராமரிப்பு என்று தனித்தனியே இருந்த மூன்று பயிற்சிகளை 2020 ஜனவரி முதல் ஒரே பொதுப் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் பதிவு பொதுவானது: பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மருத்துவச்சி என்ற இரட்டைத் தகுதி. ஆகவே நம் ஊரில் பிரிவு மாற்றம் சட்டத்தின் கேள்வியாக எழுவதில்லை. அது டூட்டி ரோஸ்டரின் கேள்வியாக, சூப்பரிண்டெண்டெண்டின் மேசைக்குப் போகும் ஒரு விண்ணப்பமாக எழுகிறது.

‘முதலில் ஜெனரல் வார்டு’

மிகப் பழைய விடை இது. எந்தச் சிறப்புப் பிரிவுக்குப் போவதாயினும் முதல் ஓராண்டை மருத்துவ, அறுவை வார்டில் கழிக்க வேண்டும் என்பது அமெரிக்காவிலும் இங்கும் தலைமுறைகளாகச் சொல்லப்படுவது. இதில் நியாயம் இருக்கிறது. காலை உணவு வருவதற்குள் இன்சுலின் போட்டாக வேண்டும். எட்டு மணி கேஸைத் தியேட்டருக்கு அனுப்பியாக வேண்டும். கடைசிக் கட்டிலில் வீன்ஃப்ளான் வெளியே வந்து கை வீங்கியிருக்கிறது. ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வந்து நிற்கிறார். எதை முதலில் செய்வது என்ற வரிசையை மனம் தானாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் வேகமாக வருகிறது. பலவகை நோயாளிகளைப் பார்ப்பதால் தனக்கு எது பிடிக்கும் என்பதும் ஓரளவு தெரிகிறது.

ஆனால் இது எல்லாருக்கும் கட்டாயமான படி என்று காட்டப்பட்டதில்லை. சிறப்புப் பிரிவுகள் புதியவரைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தின் நடைமுறை பின்னாளில் கற்பித்தல் கொள்கையாக உருமாறிவிட்டது என்றே தோன்றுகிறது. 2002 முதல் அமெரிக்க மருத்துவமனைகள் புதிய பட்டதாரிகளுக்கு ஓராண்டு ரெசிடென்சித் திட்டங்களை அமைக்கத் தொடங்கின. 2010-இல் அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அறிக்கையும் அதைப் பரிந்துரைத்தது. இத்தகைய வழிகாட்டுதல் இருக்கும் இடங்களில் புதியவர்கள் நேரடியாக ஐசியூவிலும் அவசரப் பிரிவிலும் சேர்ந்து தேறுகிறார்கள். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் செவிலியப் பட்டமே இல்லாமல் நேராக மகப்பேற்றுச் செவிலியம் படித்துப் பிரசவம் பார்ப்பவர்கள் நிறைய. பொது வார்டு இன்றியமையாத அஸ்திவாரம் என்றால் அவர்கள் நிற்க முடியாது.

அந்த அறிவுரையில் வேறொரு குறையும் உண்டு, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பொது வார்டை அது கடந்துபோக வேண்டிய படிக்கட்டாகக் காண்கிறது. ஐசியூவும் தியேட்டரும் மேல். முதியோர் பராமரிப்பும் மனநலமும் கீழ். ஜெனரல் வார்டு வெறும் வழி. இந்தத் தரவரிசை பேசாமலேயே புதியவரின் மனத்தில் ஏறிவிடுகிறது. பிரிவு மாற்றம் கேட்பவர் வேலையின் தன்மையை நாடுகிறாரா, அதன் மதிப்பை நாடுகிறாரா என்பது அவருக்கே குழம்பிவிடுகிறது.

அதிர்ச்சி அடங்கட்டும்

‘பொறு’ என்ற அறிவுரைக்கு ஆய்வு வலு தந்தவர் மார்லீன் கிராமர். செவிலியர் ஏன் தொழிலை விட்டுப் போகிறார்கள் என்று கேட்ட அவர் நூல் 1974-இல் வந்தது. கல்லூரி கற்பித்த விழுமியங்களும் வார்டு கேட்கும் வேகமும் மோதும்போது வரும் நிலைக்கு ‘நிஜத்தின் அதிர்ச்சி’ என்று பெயரிட்டார். தேனிலவு, அதிர்ச்சி, மீட்சி, தெளிவு என்று அது கட்டங்களாக நகர்கிறது என்றார். கனடாவின் ஜூடி பாய்சுக் டச்சர் 2008, 2009 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் இதை முதல் பன்னிரண்டு மாதங்களின் படமாக விரித்தார். முதல் சில மாதங்கள் வேலையைச் செய்து முடிப்பதிலேயே போகின்றன. அடுத்து ‘நான் ஏன் இங்கே இருக்கிறேன்’ என்ற ஐயம் உச்சத்துக்குப் போகிறது. ஆண்டு முடிவை ஒட்டித்தான் கொஞ்சம் தரை தட்டுப்படுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. எந்த வார்டில் சேர்ந்திருந்தாலும் ஐந்தாம், ஆறாம் மாதத்தில் மனம் சோர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சோர்வுக்குப் பிரிவின் மேல் பழி போட்டு மாறினால், புது இடத்தில் அதிர்ச்சியை முதலிலிருந்து அனுபவிக்க நேரலாம். தொடக்க மாதங்களின் உணர்வை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற அளவில் இந்த மரபு சொல்வது வலுவானது.

அதன் பலவீனம் அது சராசரியைச் சொல்வதில் இருக்கிறது. பத்துப் பேர் சோர்ந்திருந்தால் எட்டுப் பேருக்கு அது கடந்துபோகும் நிலை, மீதி இருவருக்கு உண்மையான பொருந்தாமை என்று வைத்துக்கொள்வோம். அந்த இருவர் யார் என்று கண்டுபிடிக்க இந்தக் கோட்பாட்டில் கருவி இல்லை. வாயடைக்கவும் இது பயன்படுகிறது. நியாயமான குறையைச் சொல்லும் புதியவரிடம் “எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், சரியாயிடும்” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது. போகப் போகச் சரியாகாத குறைகளும் உண்டு.

எண்களும் இங்கே கவனத்தைக் கோருகின்றன. அமெரிக்காவில் கிறிஸ்டின் கோவ்னர் குழுவினர் புதிய செவிலியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் ஆண்டுக்குள் 17.5 விழுக்காட்டினரும் இரண்டு ஆண்டுக்குள் 33.5 விழுக்காட்டினரும் தம் முதல் வேலையை விட்டிருந்தனர். இது தொழிலை விட்டவர்களின் எண்ணிக்கை என்று பல இடங்களில் தவறாக எடுத்தாளப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் செவிலியராகவே வேறிடம் போனவர்கள். ஒரே மருத்துவமனைக்குள் பிரிவு மாறியவரையும், வேறு மருத்துவமனையில் அதே பிரிவுக்குப் போனவரையும், தொழிலையே விட்டவரையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஆய்வுகள் ஏராளம். நம் கேள்விக்கு அந்த மூன்றும் மூன்று வேறு விஷயங்கள்.

தேர்ச்சிக்கு ஆகும் காலம்

‘இரண்டு வருடம்’ என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு வழி பட்ரிசியா பென்னரிடம் கொண்டுபோகும். 1984-இல் வந்த அவர் நூல், புதியவர் முதல் நிபுணர் வரை ஐந்து நிலைகளை வகுத்தது. சதுரங்க ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் வைத்து ட்ரைஃபஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாதிரியை அவர் செவிலியத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்தவர் ‘தகுதி’ என்ற மூன்றாம் நிலையை எட்டுகிறார் என்றார். அவர் இதை ஒரு விவரிப்பாகத்தான் தந்தார். அதற்கு முன் யாரும் நகரக் கூடாது என்ற விதியாக அதை மாற்றியது நிர்வாகங்கள்.

பென்னரின் ஆழமான கருத்து வேறு. தேர்ச்சி ஆளோடு பயணிப்பதில்லை, சூழலோடு ஒட்டியிருக்கிறது. பழக்கமில்லாத நோயாளிகளிடம் போகும் எந்தச் செவிலியரும் மறுபடி புதியவராகக்கூடும் என்பது அது. இதை நெருங்கிப் பார்த்தால்தான் பிரிவு மாற்றத்தின் உண்மையான விலை தெரியும்.

பெரியவர்களின் வார்டில் நான்கு வருடம் இருந்த ஒருவர் குழந்தைகள் பிரிவுக்கு மாறுகிறார் என்று கொள்வோம். வயிற்றுப்போக்கில் துவண்ட இரண்டு வயதுக் குழந்தை வருகிறது. அவர் கை தானாக பி.பி. பார்க்கப் போகிறது, அளவு சரியாகவே இருக்கிறது. பெரியவருக்கு அது ஓரளவு ஆறுதல் தரும் செய்தி. குழந்தைக்கு அப்படியில்லை. குழந்தையின் உடல் இரத்த ஓட்டக் குறைவை நெடுநேரம் ஈடுகட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில்தான் பி.பி.யை விடும். அதற்கு முன்பே நாடி விரைந்திருக்கும், பாதம் சில்லிட்டிருக்கும், நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நேரமாகும். குழந்தைகள் பிரிவில் ஊறியவர் முதலில் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். இதுபோல டயாலிசிஸ் யூனிட்டில் நெடுநாள் இருந்தவர், நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளி திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டால் எழுந்து போவார். இரத்த அழுத்தம் சரியப்போவதன் முன்னறிகுறியாக அது இருக்கலாம். ஐசியூவிலிருந்து நேற்று மாறி வந்தவர் மானிட்டரில் எண் மாறும்வரை காத்திருக்கக்கூடும். தியேட்டரில் வயிற்றை மூடுமுன் பஞ்சுத் துணிகளின் கணக்கு ஒன்று குறைந்தால் சர்ஜனின் அவசரத்துக்கு அசையாமல் ‘கணக்கு சரியில்லை’ என்று நிற்கும் துணிவும் வேறெந்த வார்டிலும் அதே வடிவில் கிடைப்பதில்லை.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் இதற்குச் சான்று உண்டு. ஆன் பார்ட்டெல் முதலானோர் அமெரிக்காவின் முன்னாள் இராணுவத்தினர் மருத்துவமனைகளின் தரவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு யூனிட்டில் செவிலியரின் சராசரி அனுபவம் ஓராண்டு கூடினால் நோயாளிகள் தங்கும் காலம் ஏறத்தாழ 1.3 விழுக்காடு குறைகிறது என்று கண்டனர். அவர்கள் அளந்தது அந்த யூனிட்டிலேயே சேர்ந்த அனுபவம். ஆகவே ஒருவர் போனால் அவரோடு அந்த வார்டின் நினைவாற்றலில் ஒரு பகுதியும் போகிறது.

இருந்தாலும் இந்த வாதத்தையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். பென்னரின் ‘நிபுணரின் உள்ளுணர்வு’ அளந்து சரிபார்க்கப்படாதது என்ற விமர்சனம் 1990-களிலிருந்து தொடர்கிறது. நிபுணர் என்று அடையாளம் காணப்படுபவர்கள் தங்கியவர்களிலிருந்தே வருகிறார்கள். தங்கியும் தேறாதவர்களும், மாறிச் சென்று வேறிடத்தில் தேறியவர்களும் அந்தப் படத்தில் விழுவதில்லை. மறுபடி புதியவராவது முழுப் பூஜ்யத்துக்குப் போவதும் அன்று. மருந்துக் கணக்கு, தொற்றுத் தடுப்பு, உறவினரிடம் கெட்ட செய்தியின் முன்னோட்டத்தைப் பேசும் பக்குவம், ஹேண்ட் ஓவரில் எதை விடக் கூடாது என்ற அறிவு, இவை கூடவே வரும். எவ்வளவு வரும், எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு எளிதாக வரும் என்பதற்கு நம்பத்தக்க வரைபடம் இன்னும் இல்லை.

பொருத்தம் என்ற எதிர்வாதம்

மாறுவதற்கு ஆதரவான கருத்துகள் செவிலிய ஆய்விலிருந்து வந்ததைவிட உளவியலிலிருந்தும் பொருளாதாரத்திலிருந்தும் வந்ததே அதிகம். ஆளுக்கும் வேலைச் சூழலுக்கும் பொருத்தம் இருந்தால்தான் நிலைப்பார் என்ற ஜான் ஹாலண்டின் கோட்பாடு 1959-இலிருந்து தொழில் வழிகாட்டுதலை ஆண்டுவருகிறது. அதன் அளவுகோல் செவிலியருக்குப் பெரியதாக இருக்கிறது. ‘சேவை மனப்பான்மை’ என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாச் செவிலியரையும் அது போட்டுவிடும். மயக்கத்தில் கிடக்கும் ஒருவரின் பக்கத்தில் எண்களோடும் கருவிகளோடும் பன்னிரண்டு மணி நேரம் இருக்க விரும்புபவரும், கீமோ வார்டில் மாதக்கணக்கில் ஒரே குடும்பத்தோடு பேசிப் பழக விரும்புபவரும் அதில் ஒருவராகிவிடுகிறார்கள்.

போயன் ஜோவனோவிச் 1979-இல் முன்வைத்த கருத்து இன்னும் கூர்மையானது. ஒரு வேலை தனக்குப் பொருந்துமா என்பதைச் செய்து பார்த்துத்தான் அறிய முடியும். ஆகவே தொடக்கத்தில் மாற்றங்கள் நிகழ்வது அறிவு சேர்வதன் அடையாளம் என்றார். 1992-இல் டோப்பல், வார்ட் இருவரும் அமெரிக்க இளைஞர்கள் முதல் பத்தாண்டுகளில் சராசரியாக ஏழு முதலாளிகளிடம் வேலை பார்த்ததையும், அக்காலத்து ஊதிய உயர்வில் மூன்றில் ஒரு பங்காவது வேலை மாற்றங்களின்போது வந்ததையும் காட்டினர். 1999-இல் டெரக் நீல் இந்தத் தேடலில் ஒரு வரிசை இருப்பதைக் கண்டார். இளைஞர்கள் முதலில் எந்த வகை வேலை என்பதைத் தீர்த்துக்கொண்டு, பிறகே எந்த நிறுவனம் என்பதைத் தேடுகிறார்கள்.

நீலின் வரிசை நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. பிரிவு மாற்றம் தேவையென்றால் அது முன்னதாக நடப்பதே மலிவு. மேற்படிப்பு, சான்றிதழ், குடும்பப் பொறுப்புகள் எல்லாம் பிற்பாடு அதன் மேல் ஏறிக்கொள்ளும். ஆனால் இந்தப் பொருளாதார ஆய்வுகள் ஆண்களின் தரவை வைத்து, வேலை மாறினால் கூலி கூடும் சந்தையில் செய்யப்பட்டவை. செவிலியர் பெரும்பாலும் பெண்கள். இந்தியாவில் பிரிவு மாறுவதால் மட்டும் சம்பளம் பெரிதாக ஏறிவிடுவதில்லை. வெளிநாட்டு வேலைதான் சம்பளத்தை மாற்றுகிறது.

நோவது பிரிவிலா, வார்டிலா?

மேலே கண்ட நிலைப்பாடுகள் அனைத்தும் கேள்வியைச் செவிலியரின் மேல் வைக்கின்றன: அவர் பொறுத்தாரா, தேறினாரா, பொருந்தினாரா? நான்காவது மரபு பார்வையை வார்டின் பக்கம் திருப்பியது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோதும் சில மருத்துவமனைகளில் மட்டும் ஆட்கள் தங்கினார்கள். ஏன் என்று ஆராய்ந்த 1983 அறிக்கை அவற்றைக் காந்த மருத்துவமனைகள் என்றது. தலைமையின் தன்மை, செவிலியரின் சொல்லுக்கு மதிப்பு, போதிய ஆட்பலம் ஆகியவை அங்கே பொதுவாக இருந்தன.

லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் கண்டது இன்றும் மேற்கோளாகிறது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடுதலானால், அறுவை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 விழுக்காடும், செவிலியர் வேலைச் சோர்வில் எரிந்துபோகும் (பர்ன்அவுட்) சாத்தியம் 23 விழுக்காடும் உயர்கிறது. கலிபோர்னியா 2004 முதல் விகிதங்களைச் சட்டமாக்கியது. ஐசியூவில் ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கூடாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறையும் போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று பேருக்கு ஒருவர், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்கிறது. இரவு டூட்டியில் ஒரு முழு வார்டுக்கும் ஒற்றைச் செவிலியர் நிற்பதை நம் மருத்துவமனைகளில் படுத்தெழுந்த எவரும் பார்த்திருப்பார்கள்.

இந்த நிலையில் ‘எனக்கு மெடிக்கல் வார்டு ஒத்துவரவில்லை’ என்ற வாக்கியத்துக்கு என்ன பொருள்? கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் வகுத்த அளவுகோலின்படி எரிந்துபோதலின் முகங்கள் மூன்று: உணர்வு வற்றுதல், நோயாளியை ஆளாகப் பார்க்க முடியாமல் போதல், தான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். மூன்றும் பொருந்தாமையைப் போலவே தோற்றம் தரும். வேலையில் வெறுப்பு என்று ஒருவர் வாசிப்பது, நாற்பது பேருக்கு ஒருவராக ஓடியதன் களைப்பாக இருக்கலாம். ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984-இல் பெயரிட்ட அறவேதனையும் இங்கே வருகிறது. செய்ய வேண்டியது எதுவென்று தெரிந்தும் நிறுவனம் செய்யவிடாத நிலை அது. பிழைக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்த நோயாளிக்கு வென்டிலேட்டர் ஓடுகிறது. வெளியே குடும்பம் நகையை அடகு வைக்கிறது. நடுவில் நிற்கும் இளம் செவிலியருக்கு ஐசியூ பிடிக்காமல் போனால் அதைப் ‘பொருத்தக் குறைவு’ என்று பதிவது அவருக்கு இழைக்கும் அநீதி.

என் மதிப்பீட்டில் நான்கு மரபுகளிலும் மிக வலுவான சான்றுகள் இதற்கே உள்ளன. இருந்தும் தனிமனித முடிவுக்கு இது தரும் உதவி குறைவு. விகிதம் மாறும்வரை ஒருவர் காத்திருக்க முடியாது. அதே பிரிவில் நல்ல ஆட்பலம் உள்ள வேறு மருத்துவமனையா, அதே மருத்துவமனையில் வேறு பிரிவா என்று பிரித்துக் கேட்கும் பழக்கத்தை மட்டும் இது கற்றுத்தருகிறது.

கேட்டால் கிடைக்குமா?

இதுவரை பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை செவிலியருக்குத் தேர்வு இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. நம் சூழலில் அந்த நம்பிக்கையையே முதலில் சோதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே 2015-இல் அரசு சேர்த்த செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். பிற்பாடு தொகை உயர்ந்தாலும் பணி நிரந்தரம் கோரும் போராட்டங்கள் ஓயவில்லை. நிரந்தரத்துக்குக் காத்திருப்பவர் பிரிவைப் பற்றிக் கோரிக்கை வைப்பது அரிது. அரசு வார்டு சுழற்சியில் நன்மையும் உண்டு, பல பிரிவுகள் பழகும். ஆனால் நன்றாகத் தேறிய ஒருவரை அவர் விரும்பும் இடத்திலிருந்து எடுத்துவிடுவதும் அதே சுழற்சிதான்.

தனியாரில் தடை வேறு வகை. சேரும்போது பாண்ட் எழுதி வாங்குவது, அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பது ஆகியவற்றை எதிர்த்து 2011, 2012-இல் கேரளம், டெல்லி, மும்பை எனப் பல இடங்களில் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பளம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் குழு அமைக்கச் சொன்னது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை பல இடங்களில் பரிந்துரையாகவே இருக்கிறது.

வெளிநாட்டுச் சந்தையும் பிரிவைத் தீர்மானிக்கிறது. வளைகுடா வேலை விளம்பரங்கள் வழக்கமாக ஒரு குறிப்பிட்ட பிரிவில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கின்றன. ‘ரெண்டு வருஷம்’ நம் ஊரில் ஊறியதற்குப் பென்னரைவிட இதுவே பெரிய காரணம் என்று கருத இடமிருக்கிறது. பதினெட்டாம் மாதத்தில் பிரிவு மாறினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கடனை அடைக்க வேண்டிய குடும்பத்துக்கு அது சிறிய இழப்பன்று. உள்நாட்டில் எம்.எஸ்சி. நர்சிங் சேர ஓராண்டு அனுபவம் வேண்டும். சேர்ந்ததும் மருத்துவ அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம், சமூக நலம் என ஐந்தில் ஒன்று பட்டத்திலேயே எழுதப்பட்டுவிடும். உண்மையில் பின்வாங்கக் கடினமான முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. அதற்கு முன் பிரிவுகளைப் பார்த்துவிட வேண்டும் என்ற வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது.

புதிய கதவுகளும் திறக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரணச் செவிலியர் வீடு தேடிப் போகிறார்கள். மருத்துவமனைக்குள்ளேயே வளர்ந்த ஒருவருக்கு இது பிரிவு மாற்றத்தைவிடப் பெரிய மாற்றம். இத்தகைய பணிகளுக்குப் பழைய கோட்பாடுகள் எதுவும் எழுதப்படவில்லை.

விடை காணாதவை

சான்றுகளை எடைபோட்டால் சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். முதல் சில மாதங்களின் வெறுப்பை மட்டும் வைத்துப் பிரிவை மதிப்பிடுவது நம்பகமற்றது. இரண்டு ஆண்டு என்பதற்குத் தேர்ச்சிக் கோட்பாட்டில் விதி என்ற தகுதி இல்லை. சந்தையில் அதற்கு விலை உண்டு. மாறுபவருக்கு முறையான அறிமுகப் பயிற்சி கிடைக்காவிட்டால் மாற்றத்தின் விலையில் ஒரு பங்கை நோயாளி கொடுக்கிறார், அது நியாயமாகாது. ஆட்பலமே இல்லாத வார்டில் எழும் கேள்வியைப் பிரிவைப் பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்வது பிழை.

இவற்றுக்கு அப்பால் பலவும் திறந்தே கிடக்கின்றன. தாமே கேட்டு மாறியவர்களுக்கும் நிர்வாகம் மாற்றியவர்களுக்கும் இடையே நீண்டகால வேறுபாடு என்ன? எந்தப் பிரிவின் அனுபவம் எதற்கு அதிகம் உதவுகிறது? மென்சீஸ் கண்ட காயத்தைத் தராமல் பல பிரிவுகளையும் காட்டும் சுழற்சி எத்தனை மாதங்களாக இருக்க வேண்டும்? மேலை ஆய்வுகள் ஒரே மருத்துவமனைக்குள் நடக்கும் மாற்றங்களைப் பெரும்பாலும் தனியே கணக்கில் கொள்ளாததால் இவற்றுக்கு அங்கிருந்து விடை எடுத்துக்கொள்ளவும் முடியாது. விடைக்கான மூலப்பொருள் இங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு பெரிய மருத்துவமனையின் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் அலுவலகத்திலும் ஆண்டுக்கணக்கான டூட்டி ரோஸ்டர்களும், மாற்றம் கேட்ட விண்ணப்பங்களும், அவற்றின் ஓரத்தில் எழுதிய ஒப்புதல்களும் மறுப்புகளும் கோப்புகளில் இருக்கின்றன. பெயர்களை நீக்கிவிட்டு அவற்றைப் படித்தால், மாற்றம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் மூன்றாண்டுக்குப் பின்னும் பணியில் இருந்தார்கள், மறுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் என்ற எளிய கணக்கையாவது தொடங்கலாம். செவிலியக் கல்லூரி ஒன்றின் முதுகலை ஆய்வேட்டுக்கு அது தாராளமாகப் போதும்.